பந்தயப் பாய்மரப் படகில் கடலை அளப்பது: கருவி ஏற்றுவதிலிருந்து எண்களை ஒப்படைப்பது வரை

நான் கரைக் குழுவில் இருப்பவன். பிரான்சின் அட்லாண்டிக் கரையில், லோரியான் மாதிரி ஊர்களில், உலகத்தைச் சுற்றக் கிளம்பும் பந்தயப் படகுகளுக்கு மின்கம்பி இழுப்பதும் கருவி பொருத்துவதும் என் வேலை. கொஞ்ச வருடங்களாக அதில் பாதி நேரம் கடல் நீரை அளக்கும் கருவிகளுக்கே போய்விடுகிறது. தனியாளாக, எங்கும் நிற்காமல் உலகத்தைச் சுற்றும் வெண்டே குளோப் பந்தயத்தில், 2024-25இல் கிளம்பிய 40 பேரில் 25 பேர் ஏதோ ஒரு அறிவியல் கருவியையோ மிதவையையோ ஏற்றிக்கொண்டு போனார்கள். அதனால் இந்த வேலைக்குப் புதிய ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள், ஆய்வகத்திலிருந்து சிலர், பொறியியல் முடித்துவிட்டு நேரே சிலர்.

எல்லாரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். கடலில் போய் என்ன செய்ய வேண்டும் என்று யோசித்துக்கொண்டு வருகிறார்கள். கடலில் செய்வதற்கு ஒன்றுமே மிச்சம் இருக்கக் கூடாது. 18.28 மீட்டர் படகில் ஒரே ஒரு ஆள் இரண்டு மூன்று மாதம், அரைமணி அரைமணியாகத் தூங்கிக்கொண்டு போகிறார். அவரிடம் "காலையும் மாலையும் இந்த வால்வைத் திருப்புங்கள்" என்றால் முதல் வாரம் திருப்புவார், இரண்டாவது வாரம் ஒரு பாய் கிழியும், அதற்குப் பிறகு உங்கள் வால்வு யாருக்கு ஞாபகம் இருக்கும்? கீழே உள்ள வரிசை அதனால்தான் இப்படி இருக்கிறது. வரிசையை மாற்றாதீர்கள்.

1. எண்களை வாங்கிக்கொள்ளப் போகிறவரை முதலில் கண்டுபிடியுங்கள்

கருவி வாங்கிவிட்டு "இதை யாருக்குக் கொடுக்கலாம்" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். தலைகீழ். யாருக்கு வேண்டும் என்பது தெரிந்தால்தான் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று தெரியும், அதுதான் கருவியைத் தீர்மானிக்கும்.

ஒரு உதாரணம். கடலின் மேல் மட்டத்தில் கரைந்திருக்கும் கரியமில வாயு அளவுகளை உலகம் முழுக்கத் திரட்டும் தொகுப்பு சோகாட். அதில் மேல் தரத்துக்கு 2 மைக்ரோ அட்மாஸ்பியருக்குள் துல்லியம் கேட்பார்கள், அடுத்த தரத்துக்கு 5, அதற்கும் கீழே 10 வரைக்கும் ஏற்பார்கள். பெரிய ஆய்வுக் கப்பல், கருவி காட்டும் அளவு சரிதானா என்று ஒத்துப்பார்க்கும் வாயு சிலிண்டர்களை வரிசையாகக் கட்டிக்கொண்டு போகிறது, பந்தயப் படகில் அதற்கு இடமும் இல்லை, எடையும் தாங்காது. ஆக நாம் எந்தத் தரத்துக்கு உட்காரப்போகிறோம் என்பதை ஆய்வாளரோடு முதல் நாளே பேசிவிட வேண்டும். பேசாமல் போனால் மூன்று மாத எண்களையும் அவர் மரியாதையாக வாங்கி ஓரமாக வைத்துவிடுவார்.

இன்னொன்று, எல்லாவற்றையும் அளக்கும் ஆசை. முதல் முறை ஏற்றுகிறவர்கள் வெப்பநிலை, உப்புத்தன்மை, காற்றழுத்தம் என்று நிறுத்திக்கொள்வது நல்லது. இல்லை, ஒரே ஒரு மிதவை. அதுவே ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் பெரிய விஷயம்.

2. அனுமதி: குறைந்தது ஆறு மாதம் முன்னால்

ஒவ்வொரு கடற்கரை நாட்டுக்கும் 200 கடல் மைல் வரை பொருளாதார மண்டலம் உண்டு. அதற்குள் அறிவியல் அளவீடு செய்ய அந்த நாட்டின் ஒப்புதல் வேண்டும், விண்ணப்பத்தை ஆறு மாதத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும் என்று 1982 கடல் சட்ட ஒப்பந்தம் சொல்கிறது. பந்தயப் படகுக்குப் பாதை முன்கூட்டித் தெரியாதே என்று கேட்பீர்கள். தெரியாதுதான். அதனால் காற்று எங்கே தள்ளினாலும் படகு நுழையக்கூடிய எல்லா மண்டலத்தையும் பட்டியல் போட வேண்டும்.

இங்கே எல்லாரும் விடுவது தீவுகளை. தெற்கு இந்தியப் பெருங்கடலில் ஆளே இல்லாத நடுக்கடல் என்று நினைக்கும் இடத்தில் கெர்கலன், குரோசே பிரான்சுக்குச் சொந்தம், ஹேர்ட் தீவு ஆஸ்திரேலியாவுக்கு. ஒவ்வொன்றையும் சுற்றி 200 மைல் வட்டம். அனுமதி வராத வட்டத்துக்குள் படகு போனால் கருவி தானாகவே பதிவை நிறுத்தும்படி அதன் ஜிபிஎஸ் எல்லையை எழுதி வையுங்கள். ஆளை நம்பி விடாதீர்கள்.

மிதவை இறக்குவதாக இருந்தால் பிரெஸ்ட் நகரில் இருக்கும் ஓஷனாப்ஸ் அலுவலகத்தில் அதைப் பதிவு செய்ய வேண்டும், எந்த மிதவை யாருடையது என்ற கணக்கு அங்கேதான் இருக்கிறது. இந்தியத் துறைமுகத்துக்கு வரும் படகென்றால் இன்னொரு கவனம்: அங்கே துரையா, இரிடியம் செயற்கைக்கோள் ஃபோனை அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம். இந்தியாவிலிருந்து கிளம்புகிறவர்கள் அரசுத் துறையோடு சேர்ந்து போவது சுலபம். 2017-18இல் கடற்படையின் பாய்மரப் படகு தாரிணி உலகத்தைச் சுற்றியபோது வானிலைத் துறைக்காக அளவுகள் எடுத்தது அந்த வழியில்தான்.

3. பந்தயக் குழுவிடம் எழுத்தில் வாங்குங்கள்

வெண்டே குளோபில் கரையிலிருந்து வழி சொல்வதற்குத் தடை. அப்படியிருக்க, படகிலிருந்து கரைக்கும் கரையிலிருந்து படகுக்கும் பேசக்கூடிய ஒரு பெட்டியை நீங்கள் உள்ளே வைக்கிறீர்கள். நாளைக்கு எதிரணி யாராவது புகார் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டியது படகோட்டி, நீங்கள் அல்ல. எந்த எண் வெளியே போகிறது, எந்தக் கட்டளை உள்ளே வருகிறது, படகோட்டியின் திரையில் எது தெரிகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். கடல் நீரின் வெப்பநிலையே நீரோட்டத்தின் ஓரத்தைக் காட்டிக்கொடுக்கும், அதை வைத்து வழி தேடலாம். ஆகவே அதைத் திரையில் காட்டலாமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

4. வாய் எங்கே வைப்பது

படகின் அடியில் தண்ணீர் எடுக்கும் துளையை இனி வாய் என்றே சொல்கிறேன். மொத்த வேலையில் முக்கால்வாசி வெற்றி தோல்வி இந்த ஒரு துளையில் இருக்கிறது.

சரக்குக் கப்பல் எப்போதும் தண்ணீருக்குள் அமுங்கி இருக்கும், எங்கே துளை போட்டாலும் தண்ணீர் வரும். நம் படகு அப்படி இல்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடும், படகைத் தூக்கும் சிறகான ஃபாயில் வைத்த படகென்றால் அணியம், அதாவது முன்பகுதி, தண்ணீரை விட்டு எழுந்து நிற்கும். ஓரமாக வாய் வைத்தால் காற்று மாறி படகு மறுபக்கம் சாய்ந்ததும் வாய் காற்றில் தொங்கும். முன்னால் வைத்தால் அலையில் தப்தப்பென்று அடிக்கும் இடம், நுரைதான் உள்ளே வரும். ஃபாயிலுக்குப் பின்னால் வைத்தால் அது கிளப்பும் குமிழித் திரை முழுக்க வாய்க்குள். மிச்சமிருப்பது நடுக்கோட்டில், அடியில் தொங்கும் கனமான தகடான கீலுக்குப் பக்கத்தில். அங்கேதான் படகு கடைசி வரை தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

எது வாய்க்கு முன்னால் வெளியேறுகிறது என்றும் பாருங்கள். அடியில் தேங்கும் தண்ணீரை வெளியே தள்ளும் குழாய், ஜெனரேட்டரைக் குளிர்வித்துவிட்டு வரும் சுடுநீர், இவை வாய்க்கு முன்னால் இருந்தால் உங்கள் கருவி கடலை அளக்காது, படகை அளக்கும்.

துளை போடுவதற்கு வடிவமைத்தவரின் கையெழுத்து வேண்டும். கார்பன் ஓட்டில் நினைத்த இடத்தில் துளையிட முடியாது, வலு எந்தத் திசையில் ஓடுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். துளைக்கு அடுத்து கையெட்டும் தூரத்தில் ஒரு மூடு வால்வு, அதன் கழுத்தில் கயிற்றால் கட்டிய கூம்பு மரக்கட்டை. வால்வு உடைந்தால் அந்தக் கட்டையை அடித்து இறுக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் துளையைப் பங்கு போட்டுக்கொள்வது சுலபம் என்று தோன்றும், குடிநீர் ஆக்கும் கருவியின் துளையிலிருந்து கிளை எடுப்பது சில படகுகளில் சரிப்படும்.

ஆனால் படகைச் சமன் செய்யக் கடல்நீர் நிரப்பும் எடைநீர்த் தொட்டியின் குழாயிலிருந்து கிளை எடுக்காதீர்கள். ஒரு பையன் அப்படிச் செய்தான், கெட்டிக்காரப் பையன். சோதனை ஓட்டத்தில் வெப்பநிலைக் கோடு ஆறு மணி நேரம் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராகப் போனது. கருவி எவ்வளவு நிலையாக இருக்கிறது பாருங்கள் என்று அவன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். படகு அதற்குள் 100 மைல் தாண்டியிருந்தது. அளந்ததெல்லாம் தொட்டியில் தேங்கிக்கிடந்த அதே தண்ணீர்.

5. குமிழி, குழாய், வெப்பம்

வாயை எவ்வளவு நல்ல இடத்தில் வைத்தாலும் குமிழி வரும். உப்புத்தன்மை சென்சார் தண்ணீரின் மின்கடத்தலைத்தான் அளக்கிறது, காற்று மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே குமிழி வந்தால் உப்பு குறைந்ததாகக் காட்டும். நடு அட்லாண்டிக்கில் 36 என்று போய்க்கொண்டிருந்த அளவு திடீரென்று 31க்கு விழுந்து, பத்து விநாடியில் திரும்ப 36க்கு வந்தால் மழை பெய்துவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். அது குமிழி.

பரிகாரம் ரொம்பச் சின்னது. சென்சாருக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கும் ஒரு சிறு உருளை. தண்ணீர் பக்கவாட்டில் நுழைந்து சுழலும், காற்று மேலே ஏறி ஒரு மெல்லிய குழாய் வழியாகப் போய்விடும், அடியிலிருந்து எடுக்கும் தண்ணீர் சென்சாருக்குப் போகும். அதற்கு அடுத்து ஒரு சாண் நீளம் உள்ளே தெரிகிற குழாய் போட்டு விடுங்கள். சோதனை ஓட்டத்தில் டார்ச் அடித்து அந்த ஒரு சாணைப் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் போதும், எந்த வேகத்தில் தண்ணீர் பால் மாதிரி வெளுக்கிறது என்று கையேடு எதிலும் இல்லாத விஷயம் தெரிந்துவிடும்.

நீர் ஓட்டத்தை அளக்கும் மீட்டர் கட்டாயம். "சென்சார் இருக்கிறதே, மீட்டர் எதற்கு" என்று விட்டுவிடுகிறார்கள். ஓட்டம் எவ்வளவு என்ற பதிவு இல்லாவிட்டால், எந்த எண் கடலுடையது, எந்த எண் குழாயில் நின்றுபோன தண்ணீருடையது என்று பிறகு பிரிக்கவே முடியாது. வாய் காற்றில் தொங்கும் நேரத்தில் பம்ப் வெறுமனே சுற்றும், ரப்பர் இறக்கை பம்ப் என்றால் சில நிமிடங்களில் கருகும். வெறுமனே சுற்றினாலும் தாங்குவதை வாங்குங்கள், அல்லது ஓட்டம் நின்றதும் பம்பை நிறுத்தும் சுவிட்ச் வையுங்கள்.

வெப்பநிலையை இரண்டு இடத்தில் அளக்க வேண்டும்: வாய்க்கு ஒட்டி ஒன்று, கரியமில வாயுவை அளக்கும் பெட்டிக்குள் ஒன்று. தண்ணீர் ஒரு டிகிரி சூடானால் அதிலுள்ள கரியமில வாயுவின் அழுத்தம் 4.23 சதவீதம் ஏறும். 400 மைக்ரோ அட்மாஸ்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு டிகிரிக்கு 17. குழாய் ஜெனரேட்டர் பக்கமாகப் போய் அரை டிகிரி சூடாகிவிட்டாலே 8 போய்விட்டது, முதல் பகுதியில் பேசிய 2 எங்கே, 5 எங்கே? இரண்டு வெப்பநிலையும் இருந்தால் கணக்குப் போட்டுத் திருத்தலாம். ஒன்றுதான் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

வெளியேறும் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தி வளைத்து, உச்சியில் காற்று புகும் வால்வோடு கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் பம்ப் நின்ற பிறகு கடல் அதே குழாய் வழியாகத் திரும்பி வந்து படகை நிரப்பும்.

6. மின்சாரம், எடை, கட்டுவது

பம்பும் சென்சாரும் சேர்ந்து 36 வாட் எடுக்கிறது என்று வையுங்கள், கேட்க ஒன்றுமில்லாத அளவு. நாளெல்லாம் ஓடினால் 864 வாட் மணி, 12 வோல்ட்டில் 72 ஆம்பியர் மணி. சோலார் தகடும் தண்ணீரில் இழுத்துவரும் மின்னாக்கியும் தருவதிலிருந்து தானியங்கிச் சுக்கானுக்குப் போக மீதிதான் உங்களுக்கு. பேட்டரி குறைந்தால் முதலில் அணைவது உங்கள் கருவியாகத்தான் இருக்க வேண்டும், அதுவும் தானாக. அப்படிச் செய்து காட்டினால் படகுக்காரர்கள் நம்புவார்கள்.

எடையைக் கீழே, நடுவில் வையுங்கள். அலையிலிருந்து படகு விழும்போது திருகாணி கழன்றுவிடும், கம்பி முனை பிடுங்கிக்கொள்ளும். ஒவ்வொரு இணைப்புக்கும் பூட்டு வளையம், ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு சாணுக்கு ஒரு கட்டு. அலுமினியச் சட்டத்தை நேராகக் கார்பன் மேல் வைக்காதீர்கள், உப்புநீர் பட்டதும் அரித்துவிடும், நடுவில் ரப்பர் போடுங்கள். கார்பன் கூரை ஜிபிஎஸ் சமிக்ஞையை மறைக்கும், ஆகவே ஆன்டெனா வெளியே.

7. கடிகாரம்

சின்ன விஷயம், பெரிய நாசம். படகு 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) வேகத்தில் ஒரு நிமிடத்தில் சுமார் 770 மீட்டர் போகிறது. கருவியின் கடிகாரம் ஐந்து நிமிடம் தப்பினால் உங்கள் எண் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் தள்ளி உட்காரும். ஒரு கருவி பிரான்சு நேரத்திலும் இன்னொன்று உலகப் பொது நேரமான யுடிசியிலும் இருந்து கோடையில் இரண்டு மணி வித்தியாசம் வந்தால் 50 கடல் மைல்.

எல்லாக் கருவியும் யுடிசி. எல்லாவற்றுக்கும் ஒரே ஜிபிஎஸ்ஸிலிருந்து நேரம். கோப்பின் ஒவ்வொரு வரியிலும் நேரமும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் சேர்ந்தே எழுதப்பட வேண்டும், "பிறகு படகின் பாதையோடு ஒட்டிக்கொள்ளலாம்" என்பது வேண்டாம். அப்புறம், தண்ணீர் வாயிலிருந்து சென்சாருக்கு வர எத்தனை விநாடி, வாயு சென்சார் புது அளவுக்கு வந்து நிலைக்க எத்தனை நிமிடம் என்று அளந்து எழுதி வையுங்கள். குழாய் தாமதத்தை நான் அளக்கும் விதம்: வாயில் ஒரு வாளி ஐஸ் தண்ணீர் கொடுத்து, வெப்பநிலை விழும் நேரத்தைப் பார்ப்பது.

8. கிளம்பும் முன் ஒத்துப்பார்ப்பதும் நனைப்பதும்

கிளம்புவதற்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் எல்லா சென்சாரையும் ஆய்வகத்தில் ஒத்துப்பாருங்கள், சான்றிதழின் தேதியோடு. சென்சார் போகப்போக மெல்ல நகரும். முன்னால் ஒரு புள்ளி, பின்னால் ஒரு புள்ளி இருந்தால்தான் நடுவில் எவ்வளவு நகர்ந்தது என்று கோடு போட முடியும்.

துறைமுகத்தில் கட்டிய படகில் ஓட்டிப் பார்த்துவிட்டு "வேலை செய்கிறது" என்று கையெழுத்துப் போடாதீர்கள். அங்கே சாய்வு இல்லை, குமிழி இல்லை, அடி இல்லை. குறைந்தது ஒரு இரவு, அலை இருக்கும் நாளில், இரண்டு பக்கமும் சாய்த்து ஓட்ட வேண்டும். நான் பார்த்தவரை புதுக் கருவி அந்த முதல் இரவைப் பழுதில்லாமல் தாண்டியதே இல்லை.

துறைமுகத்து நீரில் எண்ணெயும் சேறும் இருக்கும், ஆகவே வாசல் தாண்டி நல்ல தண்ணீருக்கு வரும் வரை வால்வு மூடியே இருக்கட்டும். நிறுத்தி வைக்கும்போது குழாயை வடித்து நன்னீரில் அலசிவிடுங்கள். தேங்கிய கடல்நீரில் ஒரு வாரத்தில் பாசி படரும், அது சென்சாரின் மேல்தான் முதலில் உட்காரும்.

9. படகோட்டிக்கு அரைத் தாள்

நாற்பது பக்கக் கையேடு கொடுக்காதீர்கள். நீர் புகாத அரைத் தாள், பெரிய எழுத்து. பச்சை விளக்கு என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். சிவப்பு என்றால் பெட்டியை ஒரு முறை அணைத்துப் போடவும். திரும்பச் சிவப்பு என்றால் வால்வை மூடிவிட்டு மறந்துவிடவும். அவ்வளவுதான்.

"மறந்துவிடவும்" என்ற சொல்லை எழுதத் தயங்குவார்கள், ஆனால் அதுதான் முக்கியம். எப்போது வேண்டுமானாலும் யாரையும் கேட்காமல் அணைக்கலாம் என்று தெரிந்தால்தான் படகோட்டி அதைத் தைரியமாக ஓடவிடுவார்.

வால்வை மூடுவதை விளக்கை அணைத்துவிட்டு, கையுறையோடு, படகின் உள்ளே முழங்காலில் ஊர்ந்துபோய் ஒரு முறை அவரே செய்து பார்க்கட்டும். கை எட்டவில்லை என்றால் அப்போதே தெரியும்.

10. மிதவை இறக்குவது

மிதவை இரண்டு வகை. ஒன்று நீரோட்டத்தோடு அலையும் உருண்டை. அதன் கீழே 15 மீட்டர் ஆழத்தில் ஓட்டை போட்ட நீளமான துணிக்குழாய் தொங்கும், அது காற்றுக்கு அசையாமல் ஓட்டத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். நம் தமிழ்நாட்டுக் கரையில் மீனவர்கள் நீவாடு என்கிறார்களே, அதைத்தான் அளக்கிறது. காற்றழுத்தமானி வைத்த உருண்டையை வானிலை அலுவலகங்கள் ஆவலாக வாங்கிக்கொள்ளும், தெற்குக் கடலில் அழுத்தம் சொல்ல வேறு ஆள் குறைவு. இன்னொன்று ஆர்கோ. ஆள் உயரத்துக்கு மேல் நீளம், சுமார் 20 கிலோ. 1000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, பத்து நாளுக்கு ஒரு முறை 2000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து அளந்துகொண்டே மேலே வந்து செயற்கைக்கோளுக்குச் சொல்லும்.

வரிசை இப்படி. கிளம்பும் முன்னரே வரிசை எண்ணைப் படம் எடுத்து, எந்தப் பகுதியில் இறக்குவது என்று ஆய்வாளரோடு பேசி முடியுங்கள். புள்ளி கேட்காதீர்கள், பெட்டி கேளுங்கள்: இந்த அட்சரேகைக்கும் அந்த அட்சரேகைக்கும் நடுவில், இந்தத் தீர்க்கரேகை தாண்டியதும். ஒரு புள்ளிக்காகப் பந்தயத்தில் யாரும் வளைந்து போக மாட்டார்கள். பெட்டி என்றால் காற்று அடங்கும் ஒரு மணி நேரம் பார்த்துப் போடுவார்கள்.

போடும்போது பிளாஸ்டிக் உறையை மட்டும் உரிக்க வேண்டும். உருண்டையைச் சுற்றியுள்ள அட்டையும் காகித நாடாவும் தண்ணீரில் கரைவதற்காகவே சுற்றப்பட்டவை. இங்கே அடிக்கடி தவறு நடக்கிறது, அட்டையையும் கிழித்துவிடுகிறார்கள், துணிக்குழாய் காற்றில் அவிழ்ந்து சுக்கானில் சுற்றிக்கொள்கிறது. பிறகு மிதவையில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்தால் மிதவை விழித்துக்கொள்ளும். படகின் பின்புறத்திலிருந்து, சுக்கானுக்கும் மின்னாக்கிக்கும் தள்ளி விடுங்கள், உருண்டை சுலபம். ஆர்கோவை எறியக் கூடாது, சென்சார் மூடிகளைக் கழற்றி, வேகத்தைக் குறைத்து, கயிற்றில் இறக்கி, தண்ணீர் தொட்டதும் கயிற்றை நழுவவிட வேண்டும். உடனே யுடிசி நேரம், இடம், வரிசை எண். மூன்றும் ஒரு குறுஞ்செய்தியில் கரைக்கு.

கரையில் "சும்மா சோதிக்க" காந்தத்தை எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்ட மறந்த கதை ஒன்று எங்களிடம் உண்டு. வரைபடத்தில் மிதவை நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. லாரியிலேயே இருந்திருக்கிறது.

11. மைக்ரோபிளாஸ்டிக் எடுப்பதாக இருந்தால்

தண்ணீரை அடுக்கடுக்கான சல்லடை வழியாக விடுவதுதான் வேலை, உதாரணமாக 300, 100, 30 மைக்ரான். சிக்கல் என்னவென்றால் படகே பிளாஸ்டிக். கயிறு உதிரும், பாய் உதிரும், படகோட்டியின் கம்பளிச் சட்டை உதிரும். அதனால் வெறும் சல்லடை ஒன்றை, தண்ணீர் விடாமல், மற்றதை மாற்றும் அதே நேரத்துக்குத் திறந்து வைத்து மூடி அனுப்புங்கள். அதில் என்ன விழுந்ததோ அது படகுடையது. படகிலுள்ள ஒவ்வொரு கயிற்றிலும் பாயிலும் ஒரு துண்டு வெட்டி, பெயிண்ட் சுரண்டல் ஒன்றோடு, பெயர் எழுதி ஆய்வகத்துக்குக் கொடுங்கள். இதைச் செய்யாமல் வந்த சல்லடைகளில் கண்டுபிடித்தது நம் சொந்தக் கயிறாகவே இருக்கலாம்.

எத்தனை லிட்டர் ஓடியது என்பது தெரியாத சல்லடைக்கு மதிப்பே இல்லை. மீட்டர் எண்ணை மாற்றும்போதெல்லாம் உறையின் மேலேயே எழுத வேண்டும். இது மட்டும்தான் படகோட்டியின் கை திரும்பத் திரும்பத் தேவைப்படும் வேலை, ஆகவே தனியாள் படகுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை, நான்கைந்து பேர் போகும் படகென்றால் சரி.

12. ஓடிக்கொண்டிருக்கும்போது

முழுப் பதிவும் படகிலேயே, இரண்டு தனித்தனி நினைவு அட்டையில். கரைக்குச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை சின்னச் சுருக்கம் மட்டும்: சராசரி, ஓட்டம், மின் அழுத்தம், பெட்டிக்குள் ஈரம். பெட்டிக்குள் ஈரம் ஏறிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது.

கோளாறு தெரிந்தவுடன் படகோட்டிக்குச் செய்தி அனுப்ப கை பரபரக்கும். அனுப்பாதீர்கள். அவருடைய குழுத் தலைவருக்குச் சொல்லுங்கள், எப்போது சொல்வது என்று அவர் முடிவு செய்வார். புயலுக்குள் இருக்கும் ஆளிடம் உப்புத்தன்மையைப் பற்றிப் பேசியவருக்கு அடுத்த பந்தயத்தில் இடம் கிடைக்காது.

காற்று அளவை வானிலைக்காரர்களுக்குக் கொடுப்பதென்றால், பாய்மர உச்சியிலிருந்து வருவது அவர்கள் கணக்கில் எடுக்கும் 10 மீட்டர் உயரக் காற்று அல்ல என்பதை உயரத்தோடு எழுதிக் கொடுங்கள். அவர்கள் குறைத்துக்கொள்வார்கள்.

13. திரும்பி வந்த அன்று

கரையில் கூட்டம், பட்டாசு, ஷாம்பெயின். அதற்கு நடுவில் முதலில் செய்ய வேண்டியது இரண்டு நினைவு அட்டையையும் எடுத்து மூன்று இடத்தில் நகல் போடுவது. படகைத் தூக்கிக் கழற்ற ஆரம்பித்துவிட்டால் எது எங்கே போகும் என்று தெரியாது.

அடுத்தது, கழுவாதீர்கள். ஆர்வக்கோளாறில் எல்லாரும் செய்யும் பிழை இதுதான், சென்சாரைக் கழற்றியதும் பளபளவென்று துடைத்துவிடுகிறார்கள். அழுக்கோடு, வந்தபடியே ஆய்வகத்தில் ஒத்துப்பார்க்க வேண்டும். பிறகு கழுவி, இன்னொரு முறை. முதலாவது மொத்த நகர்வைச் சொல்லும், இரண்டாவது அதில் பாசி எவ்வளவு, சென்சார் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும். துடைத்துவிட்டால் முதலாவது போயே போய்விட்டது, திரும்ப வராது.

பிறகு படகோட்டியோடு ஒரு மணி நேரம், ஆனால் அவர் இரண்டு நாள் தூங்கி எழுந்த பிறகு. பெட்டியை எப்போது அணைத்தார், ஏன் அணைத்தார், சுத்தியலால் எதையாவது அடித்தாரா என்று பொறுமையாகக் கேளுங்கள். பதிவில் புரியாத பாதி விஷயங்கள் அங்கே புரியும்.

14. கோப்பை ஒப்படைப்பது

மூலக் கோப்பைத் தொடாதீர்கள். நகலில் வேலை செய்யுங்கள். தப்பான எண்ணை அழிக்கவும் கூடாது, பக்கத்தில் குறி போடுங்கள்: நல்லது, சந்தேகம், கெட்டது. குமிழி என்று நீங்கள் அழித்தது நிஜமான மழையாக இருந்திருக்கலாம். ஆய்வாளர் முடிவு செய்யட்டும்.

கோப்போடு போக வேண்டியவை: சென்சார் வரிசை எண்கள், முன்னும் பின்னும் ஒத்துப்பார்த்த சான்றிதழ்கள், வாயின் ஆழம், குழாயின் நீளமும் விட்டமும், தாமதம், அனுமதிக் கடிதங்கள், அணைத்த நேரங்களின் பட்டியல். இதை எழுத ஒரு நாள் ஆகும், யாருக்கும் பிடிக்காது. எழுதாமல் அனுப்பிய கோப்பைப் பற்றி இரண்டு வருடம் கழித்து ஒரு மின்னஞ்சல் வரும், அப்போது உங்களுக்கும் ஒன்றும் நினைவிருக்காது.

மிதவைகளின் கணக்கை ஓஷனாப்ஸில் முடித்துவிடுங்கள். பம்பையும் வால்வையும் பிரித்துப் பார்த்து, தேய்ந்ததை அடுத்த பந்தயத்துக்கு இப்போதே வாங்கி வையுங்கள். படகோட்டிக்கு அவர் போன பாதையைக் கடலின் வெப்பநிலை நிறத்தில் வரைந்து ஒரு பெரிய தாளில் அச்சடித்துக் கொடுங்கள், நான் கொடுத்தவர்களில் இரண்டு பேர் அதைத் தங்கள் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.